நாற்பது அடிக்குள் மேகலா

"காலையில பத்து மணிக்கு இந்தப் பொண்ணுக்குப் பதினேழு வயசு ஆகும். சாயங்காலம் பெல் அடிச்சா மறுபடி ஆறு வயசு. அவ்வளவுதான் மேடம், சிம்பிள்" என்றான் ஆதவன்.

ரெஜினா டீச்சருக்கு அந்த ஒரு வாக்கியத்திலேயே அவனைப் பிடிக்காமல் போயிற்று.

"அவளுக்கு எப்பவுமே பதினேழுதான் தம்பி. வயசு அவ பர்த் சர்டிபிகேட்ல இருக்கு. நீங்க கொண்டுவந்த மெஷின்ல இல்லை."

ஆதவன் சென்னையிலிருந்து வந்த பொறியாளன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். அவனுடைய நிறுவனம் அனுப்பிய இயந்திரத்தை நான்கு பேர் சேர்ந்து பக்கத்து அறைக்குள் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். பீரோ அளவு இருந்தது. அதோடு சேர்ந்தது ஒரு தலைப்பட்டை. சாம்பல் நிறம், விரல் அகலம். பார்த்தால் ஓட்டப்பந்தய வீரர்கள் நெற்றியில் கட்டுவது மாதிரி.

கரூருக்கு வெளியே, பஸ் பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே இருந்தது அந்தச் சிறப்புப் பள்ளி. அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கானது. ரெஜினாவின் வகுப்பில் ஏழு பேர். பொத்தான் போடுவது, காய் நறுக்குவது, சரியான பஸ்ஸில் ஏறுவது, யாராவது கூடாத இடத்தில் தொட்டால் கத்துவது. இவைதான் பாடம். ஒரு வேலையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டு கைக்கு வந்தபின் அடுத்த துண்டைக் கொடுக்க வேண்டும். ஒரு பிள்ளை தானாகச் செருப்பு மாட்டிக்கொள்ள ஒரு பள்ளி ஆண்டு போய்விடும். போனாலும் ரெஜினாவுக்கு அது நல்ல ஆண்டு.

பட்டை என்ன செய்யும் என்று அவள் கேட்டாள்.

"நான் இப்பப் பேசறேன் இல்லையா? என் வாக்கியம் முடியறவரைக்கும் அதோட முதல் வார்த்தையை நீங்க மனசுல பிடிச்சு வச்சிருக்கீங்க. இவங்களுக்கு அது நழுவிடுது. பட்டை அதைப் பிடிச்சு வச்சுக்கும். புதுசா எதையும் உள்ள போடறதில்லை."

"அப்ப நீங்க அறிவு கொடுக்கறதில்லை."

"அறிவு அவங்ககிட்டயே இருக்கு மேடம். வைக்கறதுக்கு ஒரு அலமாரி கொடுக்கறோம்."

இந்தப் பதில் ரெஜினாவுக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே அடுத்த கேள்வியைக் கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டாள். பிள்ளை வீட்டுக்குப் போகும்போது பட்டையும் கூடப் போகுமா?

போகாது என்றான் ஆதவன். மூளையிலிருந்து சேதி இயந்திரத்துக்குப் போய்த் திரும்பிவரக் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகக் கூடாதாம். செல்போன் டவர் வழியாகச் சுற்றிவந்தால் தாமதமாகும். தாமதமாக வந்தால் வலிப்பு வரலாம். அதனால் இயந்திரத்திலிருந்து நாற்பது அடிக்குள் இருந்தாக வேண்டும். ஓர் இயந்திரத்துக்கு ஒரே ஆள். வகுப்பில் இதுவரை வலிப்பே வராதவள் மேகலா ஒருத்திதான் என்பதால் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

முதல் நாள் பட்டையைக் கட்டியதும் மேகலா அரை மணி நேரம் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பார்த்தாள். ஃபேனைப் பார்த்தாள். இம்ரானையும் பார்த்தாள். அவளோடு படிக்கிறவன். ஒரே பாட்டின் ஒரே வரியை நாள் முழுவதும் பாடுவான்.

"டீச்சர்" என்றாள் கடைசியில். "இம்ரான் தெனமும் இந்த ஒரு வரியத்தான் பாடுறானுங்களா?"

"ஆமாம்மா."

"இத்தன நாளு நீங்க எப்படிங்க பொறுத்துக்கிட்டீங்க?"

ரெஜினா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. ஆதவன் அதையும் குறித்துக்கொண்டான்.

பட்டை கட்டிய மேகலா வேகமாக வளர்ந்தாள். எழுத்துகள் அவளுக்கு முன்பே தெரியும். இப்போது அவை சேர்ந்து நின்றன. ஒரு மாதத்தில் செய்தித்தாள் படித்தாள். இரண்டாம் மாதம் அதில் வந்ததை நம்பாமல் கேள்வி கேட்டாள். ஆனால் ரெஜினாவை உலுக்கியது படிப்பு அல்ல. இத்தனை ஆண்டுகளாக அவள் வெளியிலிருந்து ஊகித்துக்கொண்டிருந்த ஓர் இடத்துக்குள்ளிருந்து முதல் தடவையாக ஒருத்தி பேசினாள்.

"தட்டை எடுத்துக் கழுவி வைன்னு சொல்லுவீங்களே டீச்சர். அதுல கடைசியா வர்ற 'வை' மட்டுந்தான் கையில நிக்கும். மத்ததெல்லாம் போயிரும். அதான் கழுவாத தட்டக் கொண்டுபோயி அலமாரியில வப்பேன். நீங்க வைவீங்க. எதுக்கு வையறீங்கன்னு தெரியாது. வெச்சேன்ல, அப்புறம் எதுக்குன்னு இருக்கும்."

"ஏன்மா அப்பவே சொல்லலை?"

"சொல்றதுக்குள்ள அதுவும் போயிரும்."

அன்று மாலை ரெஜினா மற்ற ஆறு பிள்ளைகளிடமும் ஒரு சமயத்தில் ஒரே சொல்லைப் பேசிப் பார்த்தாள். தட்டு. பொறுத்தாள். எடு. பொறுத்தாள். இம்ரான் பாட்டை நிறுத்திவிட்டுத் தட்டை எடுத்தான்.

மேகலாவின் அம்மா வளர்மதி, பெட்ஷீட் தைக்கும் கம்பெனியில் ஓரம் அடிக்கிறவள். கணவன் இல்லை. மகளோடு பதினேழு ஆண்டுகள் பேசியும் முழுசாக ஒரு பதில் கேட்டறியாதவள். பட்டை கட்டிய மகளைப் பார்க்க லீவு கிடைத்த நாளெல்லாம் பள்ளிக்கு வந்தாள். வகுப்பு மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். சினிமா, பக்கத்து வீட்டுச் சண்டை, கம்பெனி சூப்பர்வைசரின் தொப்பை. மேகலா சூப்பர்வைசர் போலவே நடந்து காட்டுவாள். வளர்மதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பெல் அடித்ததும் பட்டை கழன்றுவிடும். மேகலா கொஞ்ச நேரம் திருதிருவென்று விழித்துவிட்டு அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்வாள். பேச்சு பாதியில் நின்றிருக்கும்.

பட்டையோடு உள்ளே இருப்பவளுக்கு வெளியே நடந்ததெல்லாம் நினைவிருந்தது. பட்டை கழன்று வெளியே போனவளுக்கு உள்ளே நடந்தது எதுவும் கோர்வையாக நிற்கவில்லை. அந்த அறை பிடிக்கும் என்பது மட்டும் தெரிந்தது. தினமும் காலையில் ஓடிவருவாள்.

ஒரு திங்கட்கிழமை அவள் முழுக்கைச் சுடிதாரில் வந்தாள். சித்திரை வெயிலில் முழுக்கை. ரெஜினா கையை மேலே தள்ளிப் பார்த்தபோது மணிக்கட்டுக்கு மேல் நீளமாக ஒரு தீக்காயம்.

"மினிபஸ்ல சைலன்சர்கிட்ட நின்னனுங்க. எறங்கறப்ப ஒருத்தரு தள்ளிட்டாரு. அந்தக் கண்டக்டர் அண்ணந்தான் மருந்து வாங்கித் தந்தாரு" என்றாள் மேகலா, பட்டையைச் சரிசெய்துகொண்டே.

ரெஜினா நம்பினாள். மாலையில் பட்டையைக் கழற்றி, மேகலா முழுசாக இறங்கிவந்த பிறகு, ஏதோ தோன்ற அந்தக் கையைப் பிடித்தாள். "இது" என்றாள். பொறுத்தாள். "என்ன?"

மேகலா காயத்தைப் பார்த்தாள். உதடு துடித்தது. "அடுப்பு" என்றாள்.

அந்த வகுப்பில் இதுவரை எந்தப் பிள்ளையும் ரெஜினாவிடம் இவ்வளவு கச்சிதமாகப் பொய் சொன்னதில்லை. ஆசிரியையாக அவளுக்குப் பெருமைகூட வந்திருக்கலாம். வரவில்லை.

மறுநாள் வளர்மதியை வரச் சொன்னாள். வளர்மதி எதையும் மறைக்கவில்லை. பட்டை வருவதற்கு முன் மகளை அடுப்பங்கரைப் பக்கமே விட்டதில்லை என்றும், பள்ளியில் அவள் பேசுவதைக் கண்டபின் வீட்டிலும் பழக்கலாமென்று நினைத்ததாகவும் சொன்னாள்.

"இங்க பேப்பர் படிக்கறா, எனக்கே புத்தி சொல்றா. ஊட்டுக்கு வந்து ஒரு டம்ளர் கொண்டாடின்னா முழிக்கறா. வேணும்னே பண்றாளாட்டம் இருக்குதுங்க டீச்சர். கோவத்துல நீயே பால் காச்சுடின்னு உட்டுட்டு வேலைக்குப் போயிட்டனுங்க." கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "உள்ள பேசறவ வெளிய வரவே மாட்டாளுங்களா?"

ரெஜினா அவளைக் கேட்வரை கொண்டுபோய் விட்டாள்.

அவள் போனபின் மேகலாவிடம் ரெஜினா கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஏன் பொய்?

"நெசத்தச் சொன்னா அம்மாவ வைவீங்க. அம்மா பயந்துட்டு பட்டை வேண்டாம்னு சொல்லிரும்."

"வலிச்சுதா?"

"அவளுக்கு வலிச்சுதுங்க. எனக்கு ஞாபகம் இருக்குது."

"அவ இவன்னு சொல்லாத மேகலா. அதுவும் நீதான்."

"நீங்க மட்டும் எங்க ரெண்டு பேருகிட்டயும் ஒரே மாதிரியாப் பேசறீங்க?"

அதற்குப் பிறகு ரெஜினா வெளியே இருப்பவளைக் கவனிக்க ஆரம்பித்தாள். கவனித்ததும் பயம் வந்தது. பள்ளி கேட்டைத் தாண்டி மினிபஸ் நிற்கும் இடம்வரை தனியாகப் போக மேகலாவுக்குக் கற்றுத்தர அவளுக்கு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. முதலில் கையைப் பிடித்து, பிறகு பின்னாலேயே போய், பிறகு கேட்டில் நின்று பார்த்து. இப்போது மேகலா கேட்டுக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பஸ் ஹாரன் அடித்தது. அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செருப்பு வாரும் மறுபடி தப்பாக மாட்டியிருந்தது.

ஆதவனைப் பிடித்து உலுக்கிக் கேட்டாள். அவன் தயங்கினாலும் மழுப்பவில்லை.

"அலமாரி இருக்குன்னு மூளைக்குத் தெரிஞ்சுபோச்சு மேடம். தானாப் பிடிச்சுக்கற வேலையைக் கொஞ்சங்கொஞ்சமா விட்டுடுது. லிஃப்ட் இருக்கற வீட்டுல யார் படி ஏறுவாங்க?"

"இது உங்க ரிப்போர்ட்ல இருக்கா?"

"இருக்கு. பொடி எழுத்துல."

பட்டையை எடுத்துவிட்டால் திரும்பி வருமா என்றாள். சில மாதங்கள் போனால் வரும் என்றான். ஆனால் நிறுவனம் எடுக்கப்போவதில்லை, வேறு திட்டம் வைத்திருக்கிறது என்றும் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் இயந்திர அறையின் கதவைச் சாத்தினான்.

கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு பேக்கிங் தொழிற்சாலை. கூடவே விடுதி. இரண்டிலும் மேகலாவுக்கென்று இயந்திரங்கள் வைப்பார்கள். இரவும் பகலும் பட்டை கட்டினால் தோல் புண்ணாகிவிடும் என்பதால் மண்டைத் தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய தகட்டை வைத்துத் தைப்பார்கள். வைத்தால் வைத்ததுதான். எடுப்பது சுலபமல்ல. வேலை, சம்பளம், புத்தகங்கள், தோழிகள், எல்லாம் உண்டு. வளாகத்தின் சுவரைத் தாண்டாதவரை அவள் எப்போதும் உள்ளே இருக்கும் மேகலாதான்.

"தாண்டினா?"

"அதான் நீங்களே பார்க்கறீங்களே. இரண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள் வெளிய வந்தா, சாப்பாட்டை வாயில வைக்கக்கூட ஒருத்தர் வேணும்னு நினைக்கறேன்."

"ஆயுசுக்கும் நாற்பது அடிச் சங்கிலி."

"சங்கிலிக்குள்ள ஒரு முழு வாழ்க்கை மேடம்" என்றான் ஆதவன். அவன் அதை நம்பியே சொன்னான்.

மேகலாவுக்குப் பதினெட்டு முடிந்த வாரத்தில் நிறுவனத்தின் குழுவிலிருந்து டாக்டர் ஹேமலதா வந்தார். பட்டை கட்டிய நிலையில் மேகலா தரும் சம்மதம் செல்லும் என்று வக்கீல்கள் சொல்லிவிட்டார்கள். அவள் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. வளர்மதி பட்டுச்சேலை கட்டி வந்திருந்தாள். மகளோடு ஞாயிறுதோறும் நாள் முழுக்கப் பேசலாம் என்பதைத் தவிர வேறு எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

மேகலா பேனாவைக் கையில் வாங்கவில்லை.

"நான் சரின்னு கையெழுத்துப் போட்டா, எனக்கு நானே ஓட்டுப் போட்டுக்கற மாதிரி" என்றாள். "தகடு போறது அவ தலைக்குள்ள. அவளத்தான் இனி வெளியவே உடப்போறதில்ல. அவகிட்டயும் கேளுங்க."

அந்த நிலையில் சொல்வது சட்டப்படி சம்மதம் ஆகாது என்றார் டாக்டர்.

"சம்மதம் ஆகாதுங்க. வேண்டாம்னு சொன்னா, வேண்டாம்னு ஆகுமில்லைங்க?"

டாக்டர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து, ஆகும் என்றார். வேண்டாம் என்ற பெண்ணுக்குத் தகடு வைத்தார்கள் என்று நாளைக்குப் பத்திரிகையில் வந்தால் யார் பதில் சொல்வது? அவள் தெளிவாக மறுத்தால் போதும், விட்டுவிடுவார்கள். மறுக்காவிட்டால் மேகலா உள்ளே வந்து கையெழுத்துப் போடலாம். கேட்க வேண்டியவர் அவளுடைய டீச்சர்.

மேகலா ரெஜினாவை ஜன்னலோரம் அழைத்துக்கொண்டு போனாள். எப்படிக் கேட்க வேண்டும் என்பதை அவளே முடிவு செய்து வைத்திருந்தாள். இரண்டு போட்டோ. ஒன்றில் பட்டையோடு மேகலா. இன்னொன்றில் பட்டை இல்லாத மேகலா. ஒரே சுடிதார், ஒரே சுவர், ஒரே சிரிப்பு. ஆதவனை விட்டு முந்தின நாளே எடுத்து அச்சுப்போட்டு வைத்திருந்தாள்.

"நீங்க கடைசியாச் சொன்னதத்தான் அவ காட்டுவா டீச்சர். எனக்குத் தெரியாதா அவள? அதனால ஒரு தடவ கேட்டதும் உட்டுராதீங்க. போட்டோவ எடம் மாத்தி, சொல்ற வரிசையையும் மாத்தி, மறுக்காக் கேளுங்க. ரெண்டு தடவையும் ஒண்ணையே காட்டுனா அது அவ சொன்னது. மாத்தி மாத்திக் காட்டுனா அவ ஒண்ணும் சொல்லலைன்னு அர்த்தம். நான் வந்து கையெழுத்துப் போட்டுக்கறேன்."

"அவ வேண்டாம்னு ரெண்டு தடவையும் காட்டிட்டா? நீ இனி வரவே முடியாதும்மா."

மேகலா ஜன்னல் கம்பியைச் சுரண்டினாள். "தெரியும்" என்றாள். "கேக்காமப் போனா ஆயுசுக்கும் அவள ஏமாத்துன மாதிரி இருக்கும். மாத்திக் கேக்கறேன்னு சொல்லுங்க டீச்சர்."

ரெஜினா சொன்னாள்.

பட்டையை மேகலா தானே கழற்றிக் கொடுத்தாள். கழற்றுமுன் அம்மாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, ரெஜினாவிடம், "பதிலு எதுவா இருந்தாலும் எனக்கு ஒரு வார்த்த வந்து சொல்லிருங்க" என்றாள். அது நடக்காத காரியம் என்பது பாதி சொல்லும்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். சிரித்துவிட்டாள்.

கேட்டுக்குப் பக்கத்தில், நிழலில் ஒரு பெஞ்சு. இயந்திரத்தின் எல்லைக்கு நன்றாக வெளியே. மேகலா முந்தானையைப் பிடித்துக்கொண்டு அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். பக்கத்துப் பட்டறையில் தகடு தட்டும் சத்தம் நிற்கட்டும் என்று ரெஜினா காத்திருந்தாள். பிறகு மேகலாவின் எதிரே மண்ணிலேயே உட்கார்ந்து, இரண்டு போட்டோக்களையும் பெஞ்சின் மேல் வைத்தாள்.

எதை முதலில் சொல்வது, எதைக் கடைசியில் சொல்வது? அதை அவள் யோசிக்கவே இல்லை என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கை தானாக வைத்தது, வாய் தானாகச் சொன்னது.

"பட்டை வச்ச மேகலா" என்றாள். பொறுத்தாள். "பட்டை இல்லாத மேகலா." பொறுத்தாள். "எந்த மேகலா வேணும்?"

மேகலா இரண்டையும் பார்த்தாள். டாக்டர் வாட்சைப் பார்த்தார். ரெஜினா கையை உயர்த்தி அவரைப் பேசாமலிருக்கச் செய்தாள். நிழல் கொஞ்சம் நகர்ந்தது போலிருந்தது. மேகலாவின் விரல் எழுந்து, பட்டை இல்லாத மேகலாவின் மேல் இறங்கியது.



"தெளிவா இருக்கு" என்றார் டாக்டர், ஒருவித நிம்மதியோடு. "வேண்டாம்னு காட்டிட்டா."

இப்போது மாற்றிக் கேட்க வேண்டும். போட்டோக்களை இடம் மாற்ற ஒரு நொடி போதும். ரெஜினாவின் கை பெஞ்சின் மேலேயே இருந்தது. மாற்றி வைத்தால் மேகலா கடைசியில் சொன்னதைக் காட்டுவாள். உள்ளே இருப்பவள் வந்து கையெழுத்துப் போடுவாள். தகடு தலைக்குள் போகும். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இந்தப் பெண், இரண்டு ஆண்டில் சோறு அள்ளத் தெரியாமல் போய், பிறகு இல்லாமலே போவாள். அவளுக்காகப் பேச இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

ரெஜினா இரண்டு போட்டோக்களையும் அடுக்கி எடுத்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

ஆதவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலோரம் பேசியது அவன் காதில் விழுந்திருந்தது. இயந்திரத்தை வேனில் ஏற்றும்போது பக்கத்தில் வந்து, "மாத்திக் கேட்கணும்னு சொன்னாளே மேடம்" என்றான் மெதுவாக.

"போதும் தம்பி. அவ சொல்லிட்டா."

அவன் வேனில் ஏறிக்கொண்டான். வேன் கிளம்பியபோது மேகலா கையாட்டினாள். எல்லா வேனுக்கும் அவள் கையாட்டுவாள்.

வளர்மதி மூன்று வாரம் பள்ளிப் பக்கமே வரவில்லை. பிறகு வந்தாள். திட்டவில்லை. மகள் இப்போது டம்ளர் கொண்டுவருகிறாள் என்றாள். ஒரு சொல்லாகப் பேசினால் புரிந்துகொள்கிறாள் என்றாள். மூலையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தாள், உட்காராமல் போய்விட்டாள்.

சில மாதங்களில் திரும்பி வரும் என்று ஆதவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆவணியில் மேகலா செருப்பு வாரைச் சரியாக மாட்டினாள். புரட்டாசியில் கேட்டைத் தாண்டித் தனியாக மினிபஸ்ஸில் ஏறினாள். ரெஜினா கேட்டில் நின்று பார்த்தாள். தான் செய்தது சரிதான் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? இரவில் தூக்கம்கூட ஓரளவு வர ஆரம்பித்தது.

ஐப்பசியில் இம்ரானுக்குப் பிறந்தநாள் வந்தது. அவனுடைய அம்மா ஒரு டப்பாவில் ரவா லட்டும் இன்னொன்றில் முறுக்கும் கொடுத்தனுப்பியிருந்தாள். ரெஜினா பிள்ளைக்கு ஒன்றாகக் கேட்டுக் கேட்டுக் கொடுத்துக்கொண்டு வந்தாள்.

"லட்டு" என்றாள் மேகலாவிடம். பொறுத்தாள். "முறுக்கு. எது?"

மேகலா லட்டைக் காட்டினாள்.

ரெஜினா நகரவில்லை. கடைசியாகச் சொன்னது முறுக்கு. டப்பாக்களை இடம் மாற்றினாள். "முறுக்கு. லட்டு. எது?" லட்டு. மறுபடி மாற்றினாள். லட்டு. மேகலா கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். லட்டு வருவதற்கு ஏன் இவ்வளவு நேரமாகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

மற்ற பிள்ளைகள் தின்றுகொண்டிருந்தார்கள். இம்ரான் வாய் நிறைய முறுக்கோடு அந்த ஒரு வரியைப் பாடினான். ரெஜினா லட்டைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வரிசையை மாற்றினாலும் ஒன்றையே காட்டும் இது எப்போது வந்தது? பட்டை போன பிறகு வந்ததா? இல்லை, அன்றைக்கே இருந்ததா? இவள் கடைசிச் சொல்லைத்தான் காட்டுவாள் என்று ரெஜினா நம்பியிருந்தாள். உள்ளே இருந்தவளும் சொன்னாள். யாரும் இவளிடம் சோதித்துப் பார்க்கவில்லை. சோதித்துப் பார்க்கச் சொல்லித்தான் அவள் கேட்டுக்கொண்டாள்.

கைப்பையின் உள்பையில் போட்டோக்கள் அப்படியே இருந்தன. ரெஜினா அவற்றை எடுத்து மேகலாவின் மேஜைமேல் வைத்தாள். அன்று வைத்ததற்கு எதிர்மாறாக. ஒன்று கோணலாக விழுந்தது. நேராக்கினாள்.

"பட்டை இல்லாத மேகலா." பொறுத்தாள். "பட்டை வச்ச மேகலா. எந்த மேகலா வேணும்?"

மேகலா லட்டுப் பிசுபிசுத்த விரலைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு, பட்டை வைத்த மேகலாவைத் தொட்டாள்.

கடைசிச் சொல்லைத்தான் காட்டுகிறாள் என்று ரெஜினாவின் மனசு பாய்ந்து பிடித்துக்கொண்டது. இடம் மாற்றினாள். "பட்டை வச்ச மேகலா. பட்டை இல்லாத மேகலா." பொறுத்தாள். "எந்த மேகலா?"

பட்டை வைத்த மேகலா.

ரெஜினா மறுபடி மாற்றினாள். கேள்வி முடியும்வரைகூட இந்தத் தடவை மேகலா காத்திருக்கவில்லை. டீச்சரின் கையை எடுத்து, அந்தப் படத்தின் மேல் வைத்து, தன் கையை அதன்மேல் வைத்து அழுத்தினாள். பாடம் பிடிபடாத பிள்ளைக்குச் சொல்லித் தருகிறவளைப் போல, கோபப்படாமல், ஒரு சொல் மட்டும் சொன்னாள்.

"இது."

பிறகு, ரெஜினாவுக்குப் புரியட்டும் என்று பொறுத்திருந்தாள்.